சாவி உள்ளே, குழந்தை உள்ளே!

காஞ்சிபுரம் என்றதும் நமக்கெல்லாம் என்ன நினைவுக்கு வரும்? காமாட்சி, வரதராஜப் பெருமாள், மந்தாரை இலை மணக்கும் கோயில் இட்லி, அப்புறம் காந்தி ரோடு பட்டுக் கடைகள்! எனக்கு மட்டும் சென்ற வைகாசியிலிருந்து இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பூட்டிக்கொண்ட ஒரு வேன் கதவு. அதன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வியர்த்து விறுவிறுத்த ஒரு குட்டி முகம்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். "உங்க அஜாக்கிரதையை நீங்களே ஊருக்குச் சொல்லிக்கப் போறீங்களாக்கும்!" என்று வீட்டில் கேலி வேறு. ஆனாலும் சகோதரிகளே, கல்யாணப் புடவை வாங்கவும் கோயிலுக்குப் போகவும் நாம் எல்லோரும் குழந்தை குட்டிகளோடு வண்டி ஏறுகிறவர்கள்தானே? எனக்கு வந்த சோதனை உங்களுக்கு வரக் கூடாது என்றுதான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

அன்று நடந்தது

கொழுந்தனார் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முகூர்த்தப் புடவையைக் காஞ்சிபுரத்தில்தான் எடுக்க வேண்டும் என்று பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இரு தரப்பும் ஒரே பிடிவாதம். வாடகைக்கு ஒரு வேன் பேசி, தாம்பரத்திலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பினோம். என் மாமியார், ஓரகத்தி, நாத்தனார், என் பெண், அவளுடைய இரண்டரை வயதுக் குழந்தை என்று வண்டி நிறையக் கூட்டம்.

காலையில் காமாட்சி தரிசனம் திவ்யமாக ஆயிற்று. புடவைக் கடையில் வழக்கம் போல மூன்று மணி நேரம் போயிற்று. மாம்பழ நிறத்தில் உடல், அரக்குக் கரை. "இது கோர்வைங்க. உடம்பும் கரையும் தனித்தனி நூல். இரண்டு பேர் உட்கார்ந்து கோத்துக் கோத்து நெய்யணும்" என்று கடைக்காரர் விளக்க, எங்கள் வீட்டுப் பெண்கள் மெய்மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து சின்னக் காஞ்சிபுரம் போவதற்குள் வரதர் கோயில் நடை சாத்தி விட்டார்கள். இனி சாயங்காலம்தான். சரி, தெரிந்தவர் ஒருவர் நெசவாளர் வீட்டில் தறியைக் காட்டுகிறேன் என்றாரே, அதையாவது பார்ப்போம் என்று ஒரு தெருவில் வண்டியை நிறுத்தினோம்.

குழந்தை பின் சீட்டில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. "நீங்க எல்லாரும் போய்ட்டு வாங்க. பாப்பாவோட நான் இருக்கேன்" என்றேன். டிரைவர் தம்பிக்கும் நல்ல பசி. "அம்மா, சாவி வண்டியிலேயே இருக்கட்டும். புழுக்கமா இருந்தா ஏசி போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அதுவரை ஏசி ஓடியதால் கண்ணாடிகள் எல்லாம் ஏற்றி இருந்தன.

அவர் போன சற்று நேரத்தில் குழந்தை சிணுங்கியது. பால் கேட்கிறது என்று புரிந்தது. பால் பிளாஸ்க், பிஸ்கட், மாற்றுத் துணி எல்லாம் இருந்த கூடை எங்கே? பின்னால் டிக்கியில்! கிளம்பும்போது, "காலடியில எதுக்குக் கூடை? இடைஞ்சல்" என்று நானேதான் டிக்கியில் வைக்கச் சொன்னேன். இறங்கினேன். வெயில் உள்ளே அடிக்கிறதே என்று கதவைச் சாத்தினேன். பின்னால் போய் டிக்கியைத் திறக்கப் பார்த்தால், அது சாவி போட்டால்தான் திறக்குமாம். சாவியை எடுக்கத் திரும்பி வந்தேன்.

அதற்குள் என்ன ஆயிற்று தெரியுமா? குழந்தை எழுந்து, சீட்டின் மேல் ஏறி, டிரைவர் இடத்துக்கே போய்விட்டது. கதவில் இருந்த குமிழைக் கையால் ஓர் அழுத்து. "டக்!" அவ்வளவுதான். எல்லாக் கதவுகளும் ஒரே சமயத்தில் பூட்டிக்கொண்டன. சாவி உள்ளே. குழந்தை உள்ளே. என் கைப்பையும் அதிலிருந்த செல்போனும் உள்ளே. நான் மட்டும் வெளியே, உச்சி வெயிலில்!

முதலில் பாப்பாவுக்கு அது விளையாட்டாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் பதறக் கண்டதும் உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தது. நான் கண்ணாடியைத் தட்டத் தட்ட, அது இன்னும் பயந்து போய்ப் பின் சீட்டுக்கே ஓடிவிட்டது. கன்னமெல்லாம் சிவந்து, தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டிக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. ஓர் இளைஞர் டிரைவரைத் தேடிச் சைக்கிளில் பறந்தார். இன்னொருவர் கையில் கருங்கல்லோடு வந்து நின்றார். "உடைச்சுடலாமா அம்மா?" என்றார். வாடகை வண்டியாயிற்றே என்று என் புத்தி ஒரு கணம் தயங்கியது. இன்றைக்கும் அந்த ஒரு கணத்துக்காக நான் வெட்கப்படுகிறேன்.

அப்போது எதிர் வீட்டுத் தறியிலிருந்து எழுந்து ஓர் அம்மாள் வந்தார். கையில் தறி நாடா அப்படியே இருந்தது. "எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் போங்க. கும்பலைப் பார்த்துக் குழந்தை மிரளுது" என்றார். கண்ணாடிக்கு வெளியே அந்த நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட விட்டு, வாயால் தறிச் சத்தம் போட்டுக் காட்டினார். அழுகை நின்றது. குழந்தை மெல்ல மெல்ல முன் சீட்டுக்கு வந்தது. "கண்ணு, இது வேணுமா? அதை இழு... அதோ, அந்தப் பிடியை இழு... இழுத்தா உனக்குத்தான்!" என்று விரலால் இழுப்பதுபோல ஜாடை காட்டினார். முதல் தடவை கை வழுக்கிற்று. இரண்டாம் தடவை குழந்தை இரண்டு கையாலும் பிடியை இழுத்தது. கதவு திறந்தது!

எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும். குழந்தையைத் தூக்கினபோது உடம்பு அனலாகக் கொதித்தது. சட்டையைக் கழற்றி, அவர்கள் வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் படுக்க வைத்து, ஈரத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தோம். வாய் வாயாகத் தண்ணீர் கொடுத்தோம். கால் மணியில் பழையபடி சிரித்தது. ஊர் திரும்பியதும் குழந்தை டாக்டரிடம் காட்டினோம். "நல்ல வேளை! இன்னும் கொஞ்சம் நேரம் போயிருந்தா நான் இப்படிச் சிரிச்சுப் பேசிட்டு இருக்க மாட்டேன்" என்றார் அவர்.

மூடிய வண்டி ஓர் அடுப்பு

"பத்து நிமிஷத்தில் என்ன ஆகிவிடும்?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படி நினைத்தவள்தான். வெயில் கண்ணாடி வழியாக உள்ளே புகுந்து சீட்டையும் முன்பலகையையும் சூடாக்குகிறது. அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் இதை அளந்து பார்த்து 2005-ல் வெளியிட்டார்கள். வெளியே 22 டிகிரி முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருந்த பல நாட்களில், நிறுத்தி வைத்த காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி ஏறியதாம். அதிலும் 80 சதவீதம் முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்தும் பார்த்தார்கள். பெரிய பிரயோஜனம் ஒன்றும் இல்லை. வெளியே 35 டிகிரி என்றால், மணி நேரத்தில் உள்ளே 55 டிகிரியைத் தாண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர் வைகாசி வெயில் 35 டிகிரியோடு நிற்குமா என்ன?

குழந்தை உடம்பு நம் உடம்பு மாதிரி இல்லை. பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். உள் வெப்பம் 40 டிகிரி, அதாவது 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் வெப்ப மயக்கம் என்னும் ஆபத்து. 107-ஐ எட்டினால் உயிருக்கே உலை. "மூச்சு முட்டிச் செத்துப் போச்சு" என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் பெரும்பாலும் காற்றுத் தீருவதற்கு வெகு முன்பே வெப்பம்தான் உயிரைக் குடித்துவிடுகிறது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2022 ஜூன் மாதம் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி பக்கத்தில், வீட்டருகே நின்றிருந்த காருக்குள் ஏறி விளையாடிய மூன்று குழந்தைகள் வெளியே வர முடியாமல் இறந்து போனார்கள். மூவரும் ஏழு வயதைத் தாண்டாதவர்கள். 2025 மே மாதம் ஆந்திராவில் விஜயநகரம் பக்கத்தில் இதே மாதிரி நான்கு குழந்தைகள். இரண்டு இடத்திலும் வண்டி ஓடவில்லை, சும்மாதான் நின்றது. குழந்தைகள் வெளியே விளையாடுகிறார்கள் என்றே வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவில் 1998 முதல் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 37 குழந்தைகள் இப்படி இறக்கிறார்களாம். அவர்களில் பாதிக்கு மேல், பெரியவர்கள் மறந்து விட்டுப் போனவர்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, தானாகவே ஏறி மாட்டிக்கொண்டவர்கள். ஆகவே இது படிக்காதவர்கள் வீட்டில் மட்டும் நடப்பது, அலட்சியக்காரர்களுக்கு மட்டும் வருவது என்று ஒதுக்கிவிட முடியாது.

வண்டிக் கதவையும் தெரிந்துகொள்ளுங்கள்

மிக்ஸி வாங்கினால் எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரிந்துகொள்கிறோம். வண்டி மட்டும் "அவர் பார்த்துப்பார்" என்று விட்டுவிடுகிறோம். அது கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டி நிழலில் நிற்கும்போது, உங்கள் வீட்டுக்காரரையோ பிள்ளையையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிப் பாருங்கள்.

இன்றைய வண்டிகளில் டிரைவர் பக்கத்து ஒரு குமிழ் எல்லாக் கதவையும் பூட்டும். அது பெரியவர்களுக்குச் சௌகரியம், குழந்தைகளுக்கு ஆபத்து. சில வண்டிகளில் இன்னொரு வினோதம் உண்டு. சாவிப் பொத்தானால் பூட்டைத் திறந்துவிட்டு, அரை நிமிஷத்துக்குள் எந்தக் கதவையும் திறக்கவில்லை என்றால், திருடன் பயத்தால் வண்டி தானாகவே மறுபடி பூட்டிக்கொள்ளும். சாவியை சீட்டில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினால் சில சமயம் கதை முடிந்தது!

பின் கதவுகளின் ஓரத்தில், கதவைத் திறந்தால் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதற்குக் குழந்தைப் பூட்டு என்று பெயர். அதைத் தள்ளி வைத்தால் பின் கதவு உள்ளிருந்து திறக்காது. ஓடும் வண்டியில் குழந்தை கதவைத் திறந்து விழாமல் இருக்க அது மிகவும் அவசியம். ஆனால் நின்ற வண்டியில் மாட்டிக்கொண்ட குழந்தைக்கு அதே பூட்டு சிறைதான். முன் கதவுகளுக்கு இந்தப் பூட்டு கிடையாது. ஆகவே மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு மூன்று விஷயங்கள் சொல்லிக் கொடுக்கலாம். மாட்டிக்கொண்டால் முன் சீட்டுக்குப் போ. பிடியை இழு. திறக்காவிட்டால் ஹாரனை அமுக்கிக்கொண்டே இரு. பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் ஓடாவிட்டாலும் ஹாரன் அடிக்கும். உங்கள் வண்டியில் பிடியை ஒரு தரம் இழுத்தால் திறக்குமா, இரண்டு தரம் இழுக்க வேண்டுமா என்பதையும் சோதித்துப் பாருங்கள்.

பொத்தான் சாவியில் பேட்டரி தீர்ந்தால் கலங்க வேண்டாம். அனேகமாக அதற்குள்ளேயே ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அது எங்கே இருக்கிறது, எந்தக் கதவுத் துளையில் போடுவது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இன்னொரு சாவி வீட்டு அலமாரியில் தூங்குவதைவிட, பயணத்தில் வேறொருவர் கைப்பையில் இருந்தால் எவ்வளவோ உதவி.

டிக்கி என்பது குழந்தைகளுக்குக் கண்ணாமூச்சி விளையாடப் பிடித்த இடம். பல வண்டிகளில் அது உள்ளிருந்து திறக்கவே திறக்காது. அமெரிக்காவில் 2001 செப்டம்பருக்குப் பின் செய்யும் கார்களின் டிக்கிக்குள், இருட்டில் ஒளிரும் ஒரு கைப்பிடி கட்டாயம் இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். உங்கள் வண்டியில் அது இல்லையென்றால் டிக்கி எப்போதும் பூட்டியே இருக்கட்டும்.

கையில் வேண்டியதைக் கதவுக்குப் பின்னால் வைக்காதீர்கள்

என் சங்கடம் எல்லாம் எங்கே ஆரம்பித்தது? பால் கூடையை டிக்கியில் வைத்ததில்தானே?

வெளிநாடுகளில் காரின் பின்னால் இழுத்துப் போகும் மடக்குக் கூடார வண்டி என்று ஒன்று உண்டு. போகும்போது கூரையை இறக்கி, மூடிய பெட்டி மாதிரி தட்டையாக்கிக் கொள்வார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு கைப்பிடியைச் சுற்றிக் கூரையை உயர்த்திக் குடித்தனம் நடத்துவார்கள். இதில் ஒரு வேடிக்கை. கூரையை இறக்கி மூடினால் கதவின் மேல் பாதி கூரையோடு மடங்கிப் படுத்துவிடும். ஆள் நுழைகிற கதவு என்று ஒன்றே இருக்காது! நடு வழியில் குழந்தைக்கு ஒரு கம்பளி வேண்டுமென்றால் முழு வண்டியையும் பிரித்து நிறுத்த வேண்டும், இல்லையானால் கீழ்ப் பாதிக் கதவு வழியே தவழ வேண்டும். அதனால் அனுபவப்பட்ட பெண்கள் வழியில் தேவைப்படுவது எதையும் அதற்குள் வைப்பதில்லை. வெளியிலிருந்து திறக்கிற பெட்டியிலோ காரிலோ வைத்துக்கொள்கிறார்கள்.

நமக்கு அந்த வண்டி இல்லாவிட்டாலும் பாடம் ஒன்றுதான். வேனில் கிளம்பும்போது இரண்டாகப் பிரியுங்கள். போய்ச் சேர்ந்த பின் வேண்டியது ஒரு பக்கம், வழியில் வேண்டியது ஒரு பக்கம். பால், தண்ணீர், மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை, ஒரு துண்டு, மாற்றுத் துணி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு. இவை ஒரு துணிப்பையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மூட்டை முடிச்சுகளைக் கதவை அடைத்து அடுக்காதீர்கள். ஒரு கதவு திறக்காமல் போனால் அடுத்த கதவுக்கு வழி வேண்டாமா?

தள்ளு கதவும் மாமியார் முட்டியும்

1984-ல் மாருதி வேன் வந்தபோதுதான் நம் குடும்பங்களுக்குத் தள்ளு கதவு பழக்கமாயிற்று. 2019-ல் ஆம்னி நின்று போனாலும் தள்ளு கதவு வண்டிகளும் பெரிய வேன்களும் இன்றைக்கும் சுற்றுலாவுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தக் கதவு ஓடும் கீழ்த் தடத்தில் மணலும் மல்லிப்பூச் சருகும் சேர்ந்தால் கதவு பாதியில் நின்றுவிடும். வேகமாக இழுத்தால் திடீரென்று வந்து மோதும். கிளம்புமுன் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தடத்தைத் துடைத்துவிட்டால் போதும்.

கதவைச் சாத்தும் முன் "கை! கை!" என்று உரக்கச் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் இப்போது வந்துவிட்டது. எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் சாத்துவோம். அப்படியும் விரல் நசுங்கினால் குளிர்ந்த நீரில் பிடியுங்கள், அல்லது துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். விரல் கோணினாலோ, மடக்க முடியாவிட்டாலோ, நகத்தடியில் இரத்தம் கட்டி வலி தாங்காமல் போனாலோ டாக்டரிடம் போக வேண்டும். எண்ணெய் போட்டு நீவி விடுவது வேண்டாம்.

வேனின் முதல் படி நம் மாமியார்களுக்கு மலைதான். வீட்டிலிருந்து ஓர் அகலமான, ஆடாத முக்காலி எடுத்துப் போங்கள். சின்ன காரில் ஏறும்போது முதலில் சீட்டில் பக்கவாட்டில் உட்காரச் சொல்லி, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பினால் முட்டி நோகாது. பெரிய வேனிலிருந்து இறங்கும்போது ஏணியில் இறங்குவதுபோல உள்பக்கம் பார்த்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கலாம். புடவைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்தால் இன்னொரு கை கம்பிக்கு. கைப்பையை வேறு யாராவது வாங்கிக்கொள்ளட்டும்.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

முதலில் எல்லாக் கதவையும், டிக்கியையும் ஒரு சுற்று இழுத்துப் பாருங்கள். பதற்றத்தில் திறந்திருக்கும் கதவை விட்டுவிடுவோம். அதே சமயம் ஒருவர் 112-க்குப் போன் செய்யட்டும். தீயணைப்புப் படைக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. குழந்தை தெளிவாக இருந்து, மாற்றுச் சாவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், அது வரும்வரை சிரித்துப் பேசி முன் சீட்டுக்கு வரவழையுங்கள். வெளியிலிருந்து ஒரு போர்வையையோ புடவையையோ போட்டு வெயில் படும் கண்ணாடியை மறையுங்கள். குழந்தையின் முகம் தெரிகிற பக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஆனால் குழந்தை சோர்ந்தாலோ, அழுகை ஓய்ந்து கண் சொருகினாலோ, வெயிலில் நின்று சாவி வரத் தாமதமானாலோ யோசிக்கவே கூடாது. கண்ணாடியை உடைக்க வேண்டியதுதான்! முன்பக்கப் பெரிய கண்ணாடியில் நேரத்தை வீணாக்காதீர்கள். அது நடுவில் படலம் வைத்தது, விரிசல் விடுமே தவிர விழாது. குழந்தைக்கு வெகு தூரத்தில் இருக்கும் பக்கவாட்டுக் கண்ணாடியைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் அடிக்காமல், மூலையில் கூரான கல்லாலோ சுத்தியலாலோ ஓங்கி அடிக்க வேண்டும். கையில் துணி சுற்றிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பக்கக் கண்ணாடி சாதாரணமாகச் சோளப்பொரி மாதிரி பொடிப் பொடியாக உதிரும். சில புது வண்டிகளில் பக்கக் கண்ணாடியும் படலம் வைத்ததாக இருக்கும். ஒன்று உதிராவிட்டால் உடனே அடுத்ததற்குப் போங்கள்.

"வண்டி யாரோடதோ, பணம் யார் கொடுப்பது?" என்ற கேள்வி அப்போது மனசில் வரவே கூடாது. அந்தக் கேள்வி என் மனசில் வந்ததே, அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

குழந்தை வெளியே வந்ததும் நிழலுக்கு எடுத்துப் போங்கள். சட்டையைக் கழற்றுங்கள். உடம்பெல்லாம் தண்ணீர் விட்டு விசிறுங்கள். அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஈரத் துணி வையுங்கள். நன்றாக விழித்திருந்தால் வாய் வாயாகத் தண்ணீரோ உப்புச் சர்க்கரைக் கரைசலோ தாய்ப்பாலோ கொடுக்கலாம். மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். காய்ச்சல் மாத்திரை, சிரப்பு கொடுப்பதால் இந்தச் சூடு இறங்காது. மயக்கம், வலிப்பு, வாந்தி, பேச்சுக் குழறல் எது இருந்தாலும், தண்ணீர் விட்டுக்கொண்டே 108-ல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் ஒரு தரம் காட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

வீட்டு வாசலிலும் கவனம்

காஞ்சிபுரம் போனால்தான் ஆபத்து என்று இல்லை. நம் வீட்டு வாசலில் நிற்கும் கார்தான் பெரிய ஆபத்து. வண்டியை நிறுத்தியதும் பூட்டுங்கள், சாவியைக் குழந்தைக்கு எட்டாத ஆணியில் மாட்டுங்கள். சாவியை விளையாட்டுச் சாமானாகக் கொடுத்துப் பழக்கவே பழக்காதீர்கள். வீட்டில் குழந்தையைக் காணோம் என்றால் கிணறு, தண்ணீர்த் தொட்டி, அடுத்து வண்டி, டிக்கி என்று உடனே பாருங்கள்.

வேலைக்குப் போகிற அம்மாக்கள் ஒரு தந்திரம் செய்யலாம். கைப்பையைப் பின் சீட்டில் குழந்தை பக்கத்தில் வைத்துவிடுங்கள். இறங்கினால் பைக்காகவாவது பின் கதவைத் திறந்தாக வேண்டுமே! கல்யாணக் கூட்டத்தில் வண்டி காலியாகும்போது ஒருவர் மட்டும் "நான் கடைசி" என்று பொறுப்பேற்று, சீட்டுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். "அவ தூக்கிட்டுப் போயிருப்பா" என்று எல்லோரும் நினைத்துக்கொள்வதில்தான் விபரீதம் நடக்கிறது.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அந்த மாம்பழ நிறப் புடவையில் எங்கள் பெண் மகாலட்சுமி மாதிரி இருந்தாள். கல்யாணம் முடிந்த கையோடு தாம்பூலம், பட்சணம், ஒரு நல்ல புடவை எடுத்துக்கொண்டு நானும் என் பெண்ணும் அந்தத் தறிக்கார அம்மாளைப் பார்க்கப் போனோம். புடவையைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நெசவுக்காரி வீட்டுக்குப் புடவையா கொண்டு வந்தீங்க?" என்றார். பாப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அது நேராக நாடாவைத்தான் கேட்டது!

திரும்பும்போது பால் கூடை என் மடியில் இருந்தது. சாவி டிரைவர் தம்பியின் சட்டைப் பையில். மாற்றுச் சாவி என் முந்தானை முடிச்சில்.